வாசலில் ஆள் வந்து கூப்பிட்டதும் கதாநாயகன் ஏன் உடனே கிளம்பக் கூடாது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகன் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மாவு மில் வைத்திருப்பவன். பதினைந்து வருடம் முன்னால் வீட்டை விட்டுப் போன அண்ணன் மும்பையில் இருப்பதாக ஒருவர் வந்து சொல்கிறார். அடுத்த அத்தியாயத்தில் நாயகன் ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். படித்த நண்பர்கள் "ஒட்டவில்லை" என்கிறார்கள். அதில் ஒருவர், "நாயகனுக்கு அழைப்பு வந்தால் முதலில் அவன் மறுக்க வேண்டும், அதுதான் விதி" என்றும் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு விதி உண்டா, உண்டென்றால் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதியெல்லாம் கிடையாது. ஆனால் ஒட்டவில்லை என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஒரு சிறிய பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. நாயகன் முறைப்படி மறுத்தும் ஒட்டாத கைப்பிரதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கம் "என்னால் முடியாது, நான் சாதாரண ஆள்" என்று புலம்புவான், மூன்றாம் பக்கம் பையைத் தூக்குவான். விருந்துக்குப் போன வீட்டில் காபி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொள்வோமே, அந்த மாதிரி மறுப்பு. அது மரியாதைக்குச் சொல்வது என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அழைப்பு என்பது ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கேட்பது. எந்த வீடு, அங்கே யார் யார் இருக்கிறார்கள், அந்த ஆள் எழுந்து போனால் எந்த இடம் காலியாகும் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரிந்திருந்தால், நாயகன் மறுக்காமலே கிளம்பலாம். தெரியவில்லையென்றால் பத்துப் பக்கம் மறுத்தாலும் பயனில்லை.

உங்கள் நண்பர் சொல்லும் விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜோசப் கேம்பல் என்ற அமெரிக்கர் 1949-இல் 'ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்' என்ற நூலை வெளியிட்டார். உலகத்துப் புராணங்களில் நாயகனின் பயணம் ஒரே அச்சில் இருக்கிறது என்பது அவர் வாதம். புறப்பாட்டுக்கு ஐந்து படிகள் சொன்னார்: அழைப்பு, அழைப்பை மறுத்தல், அமானுஷ்ய உதவி, முதல் வாசலைக் கடத்தல், திமிங்கிலத்தின் வயிறு. அழைப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணம் தவளை ராஜா கதை. இளவரசியின் தங்கப் பந்து ஊற்றுக்குள் விழுகிறது, தவளை தலை நீட்டி "என்ன தருவாய்?" என்கிறது. பெரிய போரும் இல்லை, அசரீரியும் இல்லை, கை தவறி விழுந்த ஒரு பந்து. இந்த உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1980-களின் நடுவில் டிஸ்னியில் கதைகளைப் படித்து மதிப்பிடும் வேலையில் இருந்த கிறிஸ்டோபர் வோக்ளர் இந்தப் புத்தகத்தை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். அந்தக் குறிப்பு கைமாறிக் கைமாறி ஹாலிவுட் முழுக்கப் போயிற்று, பிறகு அவரே அதை விரித்துப் புத்தகமாக்கினார். நம் ஊர்த் திரைக்கதை வகுப்புகளில் சொல்லப்படும் "அழைப்பு, மறுப்பு, குரு" என்ற வரிசை பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். கேம்பலைத் திறந்து பார்த்தால் மறுப்பைப் பற்றி அவர் பேசுவது வேறு மாதிரி. கிரேக்கக் கதையில் லாரல் மரமாகிப்போன தாப்னே, பைபிளில் திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவி என்று, மறுத்து அங்கேயே உறைந்துபோனவர்களைத்தான் அதிகம் சொல்கிறார். எல்லா நாயகனும் ஒருமுறை முரண்டு பிடிக்க வேண்டும் என்று அவர் எங்கும் கட்டளை போடவில்லை.

கேம்பலுக்கு முன்பே, 1928-இல், ரஷ்யாவின் விளாதிமிர் ப்ராப் நூறு மாயக் கதைகளைப் பிரித்துப் போட்டு, 31 செயல்களின் வரிசையில் அவை நடக்கின்றன என்று காட்டினார். அதில் முதல் செயலே, குடும்பத்தில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே போவது. நாயகன் கிளம்புவது அதற்கு வெகு பின்னால்தான். ப்ராப்பின் பட்டியல் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி வறட்சியாக இருக்கும். ஆனால் கதை வீட்டில் தொடங்குகிறது என்பதை அந்த மனிதர் மறக்கவில்லை.

சரி, கோட்பாடு போதும். கம்பனுக்கு வருவோம்.

பாலகாண்டத்தில் கையடைப் படலம். கையடை என்றால் கையில் ஒப்படைத்தல், அடைக்கலமாகக் கொடுத்தல். விசுவாமித்திரர் தசரதன் சபைக்கு வருகிறார். ராமன் வாழ்க்கையில் வரும் முதல் பெரிய அழைப்பு இது. இதிலிருந்துதான் தாடகை, அகலிகை, வில், சீதை எல்லாம் வரப்போகிறது. மேற்கத்திய வாய்பாட்டின்படி என்ன நடக்க வேண்டும்? குரு இளைஞனைக் கூப்பிட வேண்டும், இளைஞன் தயங்க வேண்டும். கம்பன் அந்த இளைஞனைப் பேசவே விடவில்லை.

முனிவர் முதலில் அரசனைப் புகழ்கிறார். என் போன்ற முனிவருக்கும் தேவருக்கும் துன்பம் வந்தால் போக்கிடம் உன் ஊர்தான் என்கிறார். சம்பரன் என்ற அசுரனை அழித்து இந்திரனுக்கு அரசை மீட்டுக் கொடுத்ததை நினைவூட்டுகிறார். தசரதனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அரசனாக இருந்ததன் பயனை இன்று அடைந்தேன், என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் என்று கை கூப்புகிறான். கடன் கேட்க வருகிறவர் முதலில் நம் பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவார் இல்லையா, அதே உத்திதான். வாயைக் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் கேட்கிறார்: என் வேள்வியை அரக்கர் கெடுக்கிறார்கள், காவலுக்கு உன் பிள்ளைகள் நால்வரில் "கரிய செம்மல் ஒருவனைத் தந்திடுதி". இப்படிக் கேட்டதைக் கம்பன் "உயிர் இரக்கும் கொடுங் கூற்றின்" சொன்னதாகச் சொல்கிறான். பிச்சை கேட்டு வந்து நிற்கும் எமன். உயிரைப் பறிக்கும் எமனைப் பற்றி எல்லாரும் பாடியிருக்கிறார்கள். இங்கே எமன் கை நீட்டி இரக்கிறான், இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொண்டு.

அடுத்த பாட்டு, என் கணக்கில், தமிழில் அழைப்பைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த நான்கு வரி. அந்தச் சொல் தசரதன் காதில் புகுந்தது எப்படி இருந்தது? மார்பில் வேல் பாய்ந்து உண்டான புண்ணின் துளைக்குள் நெருப்பு நுழைந்தது போல. கவனியுங்கள், சொல் வேலாக வரவில்லை. வேல் முன்னமே பாய்ந்துவிட்டது, புண் ஏற்கெனவே இருக்கிறது, சொல் அதற்குள் நுழைகிற நெருப்பு. பாட்டின் முடிவில் "கண் இலான் பெற்று இழந்தான் என" அவன் துடித்ததாக வருகிறது. பிறவியிலிருந்து பார்வை இல்லாதவனைவிட, பார்வை கிடைத்துப் பறிபோனவனின் துன்பம் பெரிது. நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து பெற்றவனுக்கு இந்த உவமை எவ்வளவு பொருந்துகிறது! தசரதன் இளமையில் தெரியாமல் ஒரு முனிகுமாரனைக் கொன்று, புத்திர சோகத்தில் சாவாய் என்று சாபம் வாங்கியவன். சாபம் கொடுத்தவர் கண் தெரியாத தகப்பன். கம்பன் இந்த உவமையைத் தற்செயலாகப் போட்டான் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் தசரதன் மறுக்கிறான். அந்த மறுப்பைப் பாருங்கள். "படையூற்றம் இலன், சிறியன் இவன்." ஆயுதப் பழக்கம் போதாது, சின்னப் பையன். வால்மீகியில் இந்த இடத்தில் வயதையே சொல்லிவிடுவான், என் ராமனுக்கு இன்னும் பதினாறு ஆகவில்லை என்று. கம்பனின் தசரதன் அதோடு நிற்காமல் தன்னையே மாற்றாகக் கொடுக்கிறான்: சிவனும் நான்முகனும் இந்திரனுமே வந்து இடையூறு செய்தாலும் அந்த "இடையூற்றுக்கு இடையூறா யான் காப்பென்", புறப்படுங்கள். உள்ளே உயிர் ஊசலாடுகிறது, வாயில் சொல் விளையாட்டு வருகிறது. அரசவையில் உடைந்து அழ முடியாத ஒரு மனிதனின் குரல் இது.

முனிவருக்குக் கோபம் வருகிறது, உலகம் நடுங்குகிறது, வசிட்டர் இடையில் வந்து சமாதானம் சொல்கிறார். மழைவெள்ளம் கடலைத் தேடி ஓடுவது போல அளவில்லாத வித்தைகள் உன் மகனைத் தேடி வரும் காலம் இது என்கிறார். தசரதன் பக்கத்திலிருந்து பார்த்தால் பறிகொடுப்பு, வசிட்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளம் கடல் சேர்வது. இரண்டும் உண்மை. ராமன் வருகிறான், தம்பியோடு. கேட்டது ஒருவனை, போனது இரண்டு பேர். லட்சுமணனை யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். அழைப்பே இல்லாமல் கிளம்புகிற ஆள் அவன், கடைசிவரை அப்படித்தான். தசரதன் பிள்ளைகளை முனிவரிடம் காட்டி, இவர்களுக்கு நல்ல தந்தை நீ, ஒப்பற்ற தாயும் நீ, தந்துவிட்டேன் என்கிறான்.

இதில் மறுப்பு இருக்கிறது, பேரம் இருக்கிறது, நடுவர் இருக்கிறார், ஒப்படைப்பு இருக்கிறது. நாயகனுக்கு வசனம் மட்டும் இல்லை. அவன் மௌனமாக நடப்பது நமக்கு ஒட்டவில்லை என்று யாராவது சொல்வார்களா? அவனுக்காகத் துடிக்க வேண்டிய துடிப்பையெல்லாம் அப்பா துடித்து முடித்துவிட்டார். இன்னொன்றும் நடக்கிறது. கைகேயி வரம் கேட்கும் இடத்துக்கு வரும்போது, மகனைக் கேட்டால் இந்த மனிதன் என்ன ஆவான் என்று நமக்கு முன்னமே தெரியும். முதல் முறை வேள்வி முடிகிற வரைக்கும்தான், இரண்டாம் முறை பதினான்கு வருடம். முதல் முறை புண்ணில் நெருப்பு நுழைந்தது, இரண்டாம் முறை உயிரே போயிற்று.

நாயகனே மறுப்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கிரேக்கத்து ஒடிசியஸ். ஹோமரில் விரிவாக வருவதில்லை, பின்னால் வந்த தொகுப்புகளில் இருக்கிறது. டிராய் போருக்கு ஆள் சேர்க்க வருகிறார்கள். போனால் இருபது வருடம் கழித்து ஏழையாக, தனியாகத்தான் திரும்புவாய் என்று ஒடிசியஸுக்கு முன்பே ஜோசியம் சொல்லியாயிற்று. மனைவி இளையவள், பையன் கைக்குழந்தை. ஆகவே பைத்தியம் போல நடிக்கிறான். குதிரையையும் மாட்டையும் ஒரே ஏரில் பூட்டி உழுகிறான். விதைக்குப் பதில் உப்பைத் தூவினான் என்றும் சொல்வார்கள். வந்தவர்களில் பலமீடிஸ் என்பவன் கெட்டிக்காரன். தொட்டிலிலிருந்து குழந்தை டெலிமக்கஸைத் தூக்கிவந்து ஏருக்கு முன்னால் போட்டான். ஒடிசியஸ் ஏரை நிறுத்தினான். நடிப்பு முடிந்தது.

"என்னால் முடியாது" என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். உப்பும், பொருந்தாத ஜோடியும், கலப்பை நின்ற இடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. எந்தக் குழந்தைக்காகப் போக மறுத்தானோ அந்தக் குழந்தையை வைத்தே மாட்டிக்கொண்டான். அழைக்க வந்தவர்கள் நல்லவர்களா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. திரைக்கதை வகுப்பில் குரு எப்போதும் தாடி வைத்த நல்லவர். பலமீடிஸ் செய்தது பச்சைக் கயவாளித்தனம். ஒடிசியஸும் அதை மறக்காமல், பின்னால் துரோகப் பழி சுமத்தி அவனைக் கல்லெறிந்து கொல்ல வைத்தான். இதைவிட வேடிக்கை, ஸ்கைரஸ் தீவில் பெண் வேடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அக்கிலீஸைக் கண்டுபிடித்துப் போருக்கு இழுத்து வந்ததே இந்த ஒடிசியஸ்தான். பிடிபட்டவன் பிள்ளைபிடிக்காரன் ஆனான்.

அதே டெலிமக்கஸ் இருபது வயது ஆளான பிறகு அவனுக்கு வரும் அழைப்போடுதான் ஒடிசி காவியம் தொடங்குகிறது. அம்மாவை மணக்கக் கேட்டு வந்த கூட்டம் வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. பையன் நடுவில் உட்கார்ந்து அப்பா வந்தால் எப்படி இருக்கும் என்று பகல்கனவு காண்கிறான். வாசலில் வெண்கல ஈட்டியோடு ஒரு விருந்தாளி. அதீனா தெய்வம், மென்டிஸ் என்ற மனிதனின் உருவில். அத்தனை பேர் இருக்கும் கூடத்தில் அவரை முதலில் பார்ப்பது டெலிமக்கஸ்தான். விருந்தாளியை வாசலில் நிற்க வைத்தோமே என்று அவனுக்குக் கூச்சமாகப் போகிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, ஈட்டியை வாங்கி வைத்து, உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, அதற்குப் பிறகுதான் நீங்கள் யார் என்று கேட்கிறான். அழைப்பு யாருக்கு என்று ஹோமர் தனியாகச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்தவனுக்குத்தான்.

கிளம்பும்போது அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. மூத்த செவிலி யூரிக்கிளியாவிடம் மட்டும் சொல்லி, பதினொன்றோ பன்னிரண்டோ நாள் ஆகும் வரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறான். பெனிலோப்புக்கு வேறு வழியாகத் தெரியவரும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறாள். அறையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வரும். பூப்பறிக்க உவவனம் என்ற சோலைக்குப் போன பெண்ணை, மணிமேகலா தெய்வம் உறக்கத்திலேயே தூக்கிக்கொண்டு வான்வழியே தெற்கே மணிபல்லவத் தீவில் கொண்டுபோய் வைக்கிறது. அழைப்பு, மறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆளை எழுப்பக்கூட இல்லை. சாத்தனார் அதற்குக் காரணம் சொல்லும் சொல் அழகானது: "ஏது முதிர்ந்தது இளங்கொடிக்கு". காரணம் கனிந்துவிட்டது, காய் மரத்தில் நிற்காது. ஆனால் தெய்வம் அப்புறம் ஒரு காரியம் செய்கிறது. திரும்ப உவவனத்துக்கு வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் தோழி சுதமதியை எழுப்புகிறது. பயப்படாதே, உன் பெண்ணை நான்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், ஏழாம் நாள் இந்த ஊருக்கே வந்துவிடுவாள், மாதவியிடம் போய்ச் சொல் என்கிறது. கிரேக்கத் தெய்வம், தாய் தெரிந்துகொண்டு அழுத பிறகுதான் கனவில் ஆறுதல் அனுப்புகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெய்வம் தாய்க்குத் தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. எது உயர்ந்த காவியம் என்பதெல்லாம் என் பேச்சு இல்லை. இரண்டு கவிஞர்களுக்குமே, கிளம்பிய பிள்ளையின் தாய்க்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்ற கவலை இருந்திருக்கிறது. உங்கள் கைப்பிரதியில் அந்தக் கவலை இல்லை.

தமிழில் வேடிக்கையான அழைப்பு ஒன்றும் உண்டு, பெரியபுராணத்தில். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், ஊர் கூடியிருக்கிறது. குடையும் தண்டுமாக ஒரு கிழ அந்தணர் உள்ளே வந்து, எனக்கும் உனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறார். என்ன வழக்கு? நீ என் அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது. சுந்தரர் சிரிக்கிறார், அந்தணருக்கு அந்தணர் அடிமையா, நீர் பித்தரோ என்கிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது! சபையில் மூல ஓலையைப் பிரித்துப் படிக்கிறார்கள், பாட்டனின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. சரி, உம் வீடு எங்கே என்று கேட்டால் கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். பித்தன் என்று திட்டிய வாயால் "பித்தா பிறைசூடி" என்று பாட வேண்டியதாயிற்று. நகல், அசல், கையெழுத்துச் சரிபார்ப்பு, தீர்ப்பு என்று முழுப் பத்திரவழக்காக ஒரு தெய்வ அழைப்பை எழுதியவர் சேக்கிழார். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் அல்லவா, அலுவல் தெரிந்த கை.

அந்தப் பந்தலில் விடப்பட்ட மணப்பெண்ணைச் சடங்கவியாரின் மகள் என்றே அறிகிறோம். அவள் சுந்தரரையே நினைத்து வாழ்ந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று ஒரு பாட்டில் சொல்லிவிட்டுச் சேக்கிழார் மேலே போய்விடுகிறார். ஒரு பாட்டாவது சொன்னார் என்று மகிழ்வதா, ஒரு பாட்டுத்தானா என்று வருந்துவதா, எனக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டில் தாயும் இல்லை, மனைவியும் இல்லை, தனிக்கட்டை என்றால் என்ன செய்வது? அதற்கு டோல்கீனின் 'தி ஹாபிட்', 1937. பில்போ பேகின்ஸ் ஐம்பது வயதுக்காரர், தனியாக வசதியான வளைவீட்டில் வாழ்பவர். சாகசமா, அதெல்லாம் சாப்பாட்டுக்கு நேரமாக்கிவிடும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் கூப்பிடாமலே பதின்மூன்று குள்ளர்கள் வந்து அவர் சேர்த்து வைத்திருந்த கேக்கையெல்லாம் தின்றுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலை, அப்பாடா தொலைந்தார்கள் என்று அவர் இரண்டாம் தடவை டிபன் சாப்பிட உட்காரும்போது, கண்டால்ஃப் என்ற மந்திரவாதி வந்து கடிகாரத்தடியில் ஒரு சீட்டு இருப்பதைக் காட்டுகிறார். பதினொரு மணிக்குப் பக்கத்து ஊர் விடுதியில் காத்திருக்கிறார்கள். மணி பதினொன்றாகப் பத்து நிமிடம். பில்போ தொப்பி இல்லாமல், கைத்தடி இல்லாமல், காசு இல்லாமல், பாதிச் சாப்பாட்டில் ஓடுகிறார். போன பிறகுதான் கைக்குட்டையை மறந்துவிட்டோமே என்று தவிக்கிறார்.

அந்தக் கைக்குட்டைதான் அவருக்குக் குடும்பம். ஆளில்லாத வீட்டுக்குப் பழக்கம் இருக்கும், நேரம் இருக்கும், அலமாரியில் அடுக்கி வைத்த டப்பா இருக்கும். அதை விட்டுப் போவதும் விட்டுப் போவதுதான்.

இதற்கு நேர் எதிரான குறுக்குவழி ஒன்று உண்டு, சினிமா அதைத் தேய்த்துவிட்டது. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸில் நாயகன் லூக்கிடம், என்னோடு வா என்கிறார் ஒரு பெரியவர். பண்ணையில் வேலை இருக்கிறது, மாமாவை விட்டு வர முடியாது என்கிறான். அழகான மறுப்பு, உண்மையான காரணம். வீட்டுக்குத் திரும்பினால் மாமாவும் மாமியும் எரிந்து கிடக்கிறார்கள். இனி இங்கே எனக்கு எதுவும் இல்லை, வருகிறேன் என்கிறான். அந்தப் படத்துக்கு அது பொருந்துகிறது. அதற்குப் பிறகு வந்த ஆயிரம் கதைகளில் இடைவேளைக்குள் நாயகன் குடும்பத்தைக் கொல்வது வழக்கமாகிவிட்டது. விடைபெறும் காட்சி எழுதக் கஷ்டம், தீ வைப்பது சுலபம். என்னிடம் வரும் கைப்பிரதிகளில் விபத்தில் சாகும் பெற்றோர்களை எண்ணினால் நெடுஞ்சாலைத் துறை கவலைப்படும். நீங்கள் அந்த வேலையைச் செய்யவில்லை. அதற்காகவே உங்கள் கைப்பிரதி எனக்குப் பிடித்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், நீளம் ஒரு பொருட்டே இல்லை. புறநானூற்று 279-ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது, பதினொரு வரி. பாட்டில் ஒரு தாய். முந்தாநாள் போரில் அவள் தந்தை யானையை வீழ்த்திவிட்டு மாண்டான். நேற்றைய போரில் கணவன் மாண்டான். இன்றும் பறை கேட்கிறது. வேல் ஒன்றை மகன் கையில் கொடுக்கிறாள், வெள்ளாடையை விரித்து உடுத்துகிறாள், பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி வாருகிறாள், ஒரே மகன், போ என்று அனுப்புகிறாள். பறை கேட்டதும் அவள் நிலை "விருப்புற்று மயங்கி". ஆசையும் மயக்கமும் ஒரே தொடரில் கட்டிக்கொண்டு நிற்கின்றன. இதை வீரத்தாய்க்கு உதாரணமாகப் பள்ளியில் படித்தோம். எனக்கு வயது ஏற ஏற அந்த எண்ணெய்தான் கண்ணில் நிற்கிறது. போர்க்களத்துக்குப் போகும் பையனுக்குத் தலை வாரி விடுகிறாள். பையன் பேசினானா, மறுத்தானா, பயந்தானா, ஒன்றும் பாட்டில் இல்லை.

இனி உங்கள் மாவு மில். நாயகனை மறுக்க வைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். அவன் உடனே கிளம்பட்டும், அண்ணன் மேல் பாசம் உள்ளவன் கிளம்பத்தான் செய்வான். ஆனால் அந்த ஆள் வந்து சொல்லும்போது மில்லில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தானா? அப்படியானால் எல்லாரும் தும்மிக்கொண்டே பேசியிருப்பார்கள், சத்தத்தில் "மும்பை" என்ற சொல்லை அவன் இரண்டு தரம் கேட்டிருப்பான். வரிசையில் வைத்த தூக்குவாளிகள் யாருடையவை? கல்யாண வீட்டுப் பச்சரிசி ஒரு மூட்டை வந்து இறங்கியிருந்தால், நாளைக் காலை மெஷினை யார் ஓட்டுவது? பெல்ட் கழன்றால் மாட்டத் தெரிந்த ஆள் அந்த ஊரில் வேறு யார்?

அப்புறம் அம்மா. நாலாவது பக்கத்தில் உங்கள் நாயகனின் அம்மா உயிரோடு இருக்கிறாள், பாக்கு இடித்துக்கொண்டிருக்கிறாள். ஏழாவது பக்கத்தில் அந்த ஆள் வருகிறார். பதினைந்து வருடமாகக் காணாத மூத்த மகனைப் பற்றிய தகவல் வருகிறது, அந்தப் பக்கத்தில் அவளைக் காணோம். சமையலறையில் இருந்து கேட்டாளா? முன்பே தெரிந்து, சின்னவனும் போய்விடுவானே என்று மறைத்து வைத்திருந்தாளா? போகாதே என்று சொல்கிறவள் அவளாகக்கூட இருக்கலாம். அவள் எங்கே நின்றாள் என்பதை முதலில் எழுதுங்கள், ரயில் டிக்கெட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.